சனிக்கிழமை வகுப்புக்கு வந்த அப்பாக்கள்

போன மாதம் ஒரு மதியம், நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது கணினி ஆசிரியையாக இருக்கும் பெண் எனக்குப் போன் செய்தாள். பெற்றோர் கூட்டம் முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். குரலில் பாதி அழுகை, பாதி சிரிப்பு. பிள்ளைகள் கையில் போனை வாங்கிக் கொடுத்த பெற்றோரே, அதைப் பிடுங்கித் தரச் சொல்லி அவளிடம் கேட்கிறார்களாம்.

"உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் இல்ல மேடம். நீங்க குடுத்து வெச்சவங்க" என்றாள்.

எனக்குச் சட்டென்று சம்பத் சாரின் சிவப்புத் தொப்பி ஞாபகம் வந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளைச் சமாதானப்படுத்தச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அடிப்படையில் தட்டச்சு ஆசிரியை. சேலத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். விஜயநகரில் வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகமாக இருந்த நாளில், அங்கே புதிதாகத் தொடங்கிய ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளில் பள்ளிக்குக் கணினிகள் வந்தன. தட்டச்சு தெரிந்தவளுக்குக் கணினியும் தெரிந்திருக்கும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. இரண்டிலும் எழுத்துகள் ஒரே வரிசையில் இருந்ததுதான் காரணம். பெங்களூரில் சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நான் உருப்படியாகக் கற்றது, அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றுவதும், ஏசி போடுவதும், "ஹேங் ஆயிடுச்சு" என்று பதறாமல் சொல்வதும்தான். மற்றதைப் பிள்ளைகள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

பெற்றோரின் கதை வேறு. "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்னு பையன் சொன்னான். அன்னிலேர்ந்து அவனுக்கு ஜுரம்" என்று ஒரு தாய் என்னோடு சண்டைக்கே வந்தார். கணினிக்குத்தான் வைரஸ், பையனுக்கு வெறும் ஜலதோஷம் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அந்த அம்மாள் கதவு வரை பின்வாங்கினார்.

அங்கே எங்கள் தலைமை ஆசிரியை சரோஜம்மா. மண்டியா பக்கத்துக்காரர், சரித்திரப் பாடம் எடுப்பவர். கன்னடத்தில்தான் பேசுவார், தமிழ் நன்றாகப் புரியும். அவர் பேச்சை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். யாராவது புகாரோடு உள்ளே நுழைந்தால், எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடித்து, பேனாவை மூடி மேசைமேல் நேராக வைத்துவிட்டுத்தான் நிமிர்வார். பிறகு ஒரே கேள்வி: "நோடித்தா, கேளித்தா?" கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா? கேட்டது என்றால், யார் சொன்னார்கள்? அவருக்கு யார் சொன்னார்கள்? ஒருமுறை உடற்பயிற்சி ஆசிரியர் துபாய்க்குப் போகப்போகிறார், வருடாந்திர விளையாட்டு விழா நடக்காது என்று பள்ளி முழுக்கப் பேச்சு. சரோஜம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டே போனார். கடைசியில் வாட்ச்மேனிடம் வந்து நின்றது. வெயிலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ஆசிரியர், "துபாய் மாதிரி காயுது" என்று அவரிடம் சொல்லியிருந்தார். அவ்வளவுதான். சரோஜம்மா யாரையும் திட்டவில்லை. எழுந்துபோய்ச் சுவரிலிருந்த இந்திய வரைபடத்தைச் சரிசெய்தார். பேச்சு முடிந்தது என்பதற்கு அவர் கொடுக்கும் அடையாளம் அது. கோணலாக இல்லாவிட்டாலும் சரிசெய்வார்.

பெற்றோர் வகுப்பு பிறந்ததும் அவர் அறையில்தான். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், டிவி விளம்பரத்தில் ஒரு பானத்தைக் குடித்த சிறுவன் மளமளவென்று வளர்ந்து அலமாரியின் உச்சித் தட்டை எட்டுவதைப் பார்த்திருக்கிறான். வீட்டில் அந்த டப்பா இருந்தது. பாலில் கலக்க நேரமாகும் என்று ஸ்பூன் ஸ்பூனாக மாவையே தின்று டப்பாவைக் காலி செய்துவிட்டான். பிறகு உடற்பயிற்சி ஆசிரியரிடம் போய் உயரம் அளக்கச் சொன்னான். வளரவில்லை என்று தெரிந்ததும் அவர் ஷூமேலேயே வாந்தி எடுத்தான்.

மறுநாள் அவன் அம்மா வந்தார். "டிவியில வர்றதையெல்லாம் நம்பக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லித்தர வேண்டாமா?"

சரோஜம்மா பேனாவை மூடினார். "டிவியை வாங்கினது யார்? ஸ்கூலா?"

"அவங்க அப்பா."

"அப்படின்னா அப்பாவை அனுப்புங்க. அவருக்குச் சொல்லித்தரோம். அவர் பையனுக்குச் சொல்லித்தரட்டும்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதோ பதிவேட்டில் கையெழுத்து வாங்க வந்து, பாவம், ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அந்த வகுப்பு என் தலையில் விழுந்தது அப்படித்தான்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்த பிறகு வகுப்பு. வாரம் முழுக்க நான் வீட்டில் விளம்பரங்களை வீடியோ கேசட்டில் பதிவு செய்வேன். என் கணவர் செய்தி பார்க்க முடியாமல் பல்லைக் கடிப்பார். வகுப்பில் முதலில் சத்தமில்லாமல் படத்தை மட்டும் ஓட்டுவேன். எதை விற்கிறார்கள் என்று பெற்றோர் சொல்லவேண்டும். ஒரு குடும்பம் மழையில் ஓடுகிறது, சிரிக்கிறது, பாட்டியைக் கட்டிப்பிடிக்கிறது, நாய் வாலாட்டுகிறது. ஒருவர் குடை என்றார். ஒருவர் இன்ஷூரன்ஸ் என்றார். பிஸ்கட், ஜலதோஷ மாத்திரை, நாய்க்குட்டி என்று வரிசையாக வந்தன. கடைசியில் திரையில் வந்தது பெயின்ட் டப்பா.

"இது நம்ம தொழிலுங்க டீச்சரம்மா" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "மழையில பெயின்ட் அடிச்சா ஒட்டுமாங்க? மொதல்ல அந்தப் பாட்டிய உள்ள கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

அவர் முருகேசன். எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளிக்காரர். விஜயநகரில் எழும்பிக்கொண்டிருந்த வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. மகள் தனம் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. வகுப்புக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வருவார், சட்டையில் சிமென்ட் காயாமல்.

இரண்டாவதாக, எல்லோரையும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிச் சத்தத்தை மட்டும் கேட்க வைப்பேன். இதில் சிலர் தூங்கிவிடுவார்கள். மூன்றாவது முறை படமும் சத்தமும் சேர்த்து. பிறகு மூன்று கேள்விகள். யார் சொல்கிறார்கள்? எதற்காகச் சொல்கிறார்கள்? எதைச் சொல்லாமல் விட்டார்கள்? வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து டிவி பார்க்கும்போது இந்த மூன்றையும் கேட்கவேண்டும். பிரசங்கம் கூடாது. பிள்ளை என்ன பதில் சொன்னாலும் கத்தக் கூடாது. நான் வைத்த விதிகளில் இந்தக் கடைசி விதிதான் தந்தையர்க்குத் தொண்டையில் மாட்டிய முள்.

அடுத்த சனிக்கிழமை சம்பத் சார் எழுந்து நின்றார். அவர் அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். பூர்வீகம் மேல்கோட்டை, ஞாயிறுதோறும் பஸ் ஏறி அங்கே போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். வாழ்நாள் முழுக்க அலுவலகக் கடிதம் எழுதியதில் 'கைண்ட்லி' என்ற சொல் அவருக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. காபி கேட்டாலும் கைண்ட்லிதான்.

"மேடம், கைண்ட்லி இதைக் கேளுங்கோ. நான் எஸ்.எஸ்.எல்.சி.யில ஃபர்ஸ்ட் கிளாஸ்னு பையன்கிட்ட சொன்னேன். யார் சொல்றா, எதுக்காகச் சொல்றா, எதைச் சொல்லாம விட்டான்னு என்னையே கேக்கறான்!"

"எதை சார் விட்டீங்க?" என்றார் முருகேசன்.

சம்பத் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அது ரெண்டாவது அட்டெம்ப்ட்."

சிரிப்பு அடங்கியதும் முருகேசனும் எழுந்து ஒப்புக்கொண்டார். ரெண்டே நாளில் வேலை முடிந்துவிடும் என்று அவர் ஒரு வீட்டுக்காரரிடம் போனில் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த தனம், "எதைப்பா சொல்லாம விட்டீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "டைல்ஸே இன்னும் வரலைங்கறதத்தானுங்க" என்றார்.

வகுப்பு இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தெருமுனையில் பிரௌசிங் சென்டர் திறந்தார்கள். ஒட்டுப்பலகை தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, வாசலில் திரைச்சீலை. அந்தத் திரைச்சீலையைப் பார்த்ததுமே பெற்றோர் என்னிடம் ஓடி வந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது? சாட் ரூம் என்று ஒன்று இருக்கிறதாம், முகம் தெரியாதவர்களோடு பேசலாமாம், யார் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் வரலாமாம். டிவிக்கு வைத்த அதே மூன்று கேள்விகளை இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் அங்கே பார்ப்பதை வீட்டில் வந்து சொல்லும்படி பழக்குங்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை முருகேசன் கணினி அறைக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. பின்னால் தனம், கண் வீங்கி நின்றாள்.

"டீச்சரம்மா, எம் புள்ளைய நிறுத்திப்போடறேனுங்க. மார்டள்ளியில எங்கண்ணன் ஊட்டுல உட்டுப்போடறேன். மஞ்சக்காட்டுல வேலை பாக்கட்டும். அங்க கம்ப்யூட்டரும் இல்ல, ஒரு கருமாந்தரமும் இல்ல."

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

"எவனோ ராக்கியாமுங்க. கம்ப்யூட்டர்ல வந்து, எந்தப் பள்ளிக்கூடம், எத்தன மணிக்கு இங்க வருவே, கூட யார் யார் வருவாங்கன்னு இவகிட்டக் கேட்டிருக்கறான். பொட்டப் புள்ளைகிட்டக் கேக்கற கேள்வியா இது?"

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு தனத்திடம் பேசினேன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். பையன் என்று வரவேண்டிய இடத்தில் 'ஹுடுகன்' என்றுதான் வரும்.

"நான் ரோஸ்னு பேர் வெச்சு உள்ள போனேன் டீச்சர். நிஜப் பேர் சொல்லல. ஸ்கூல் பேரும் சொல்லல. அவன் ஹுடுகனே அல்ல டீச்சர், யாரோ பெரியவர்."

"எப்படித் தெரியும்?"

"ஏ.எஸ்.எல். கேட்டேன். வயசு, ஆணா பெண்ணா, எந்த ஊர்னு அர்த்தம். சாட்ல எல்லாருக்கும் தெரியும். இவர், 'கைண்ட்லி கிளாரிஃபை'ன்னு அடிச்சாரு. பதினேழு வயசுன்னு சொல்றாரு, ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளி வெக்கறாரு. எந்த ஹுடுகன் டீச்சர் கைண்ட்லின்னு எழுதறான்?"

எனக்குள் ஏதோ இடறியது.

"இதை அப்பாகிட்ட நீயா சொன்னியா?"

"நானேதான் சொன்னேன். பாத்ததை வீட்டுல சொல்லணும்னு நீங்க கிளாஸ்ல சொன்னீங்களாமே. பெரியவர் மாதிரி இருக்குதுன்னு மொத நாளே சொன்னேன். அவர் அதைக் கேக்கவே இல்ல. ஸ்கூல் பையத் தூக்கிப் பூட்டி வெச்சுட்டாரு." அவள் குரல் உடைந்தது. "சொல்லாமலே இருந்திருந்தா நான் இன்னிக்கு கிளாஸ்ல இருந்திருப்பேன், அல்லவா டீச்சர்?"

என் வகுப்பு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் கவிழ்ந்து கிடந்தது.

முருகேசனை உள்ளே கூப்பிட்டேன். "அவ எதையாவது மறைச்சாளா?"

"இல்லீங்க."

"பேரு, விலாசம் குடுத்தாளா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு அவளுக்குத் தண்டனை?"

"அவனப் புடிச்சு உங்க முன்னால நிறுத்தறேன். மத்தத அப்புறம் பேசலாமுங்க" என்றார். அப்போதுதான் தெரிந்தது, அவர் ஏற்கெனவே பொறி வைத்துவிட்டார். எந்தக் கணினியை மகள் தொடவே கூடாது என்றாரோ, அதே கணினிமுன் முந்தின நாள் அவளையே உட்கார வைத்து, ரோஸ் சொல்வதுபோல ராக்கிக்குப் பதில் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

"எங்கடா இருக்கே திருட்டுப் பயலேன்னு அடிக்கச் சொன்னேனுங்க. இவ 'ஹவ் ஆர் யூ'ன்னு அடிக்கறா."

"அப்படி அடிச்சா ஓடிப்போயிருவாரு அப்பா" என்றாள் தனம்.

அவள் சாமர்த்தியத்தால் சந்திப்பு முடிவாகியிருந்தது. ஞாயிறு மாலை, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள பூங்கா. ராக்கி சிவப்புத் தொப்பி போட்டு வருவான். ரோஸ் மஞ்சள் குடை பிடித்து வருவாள்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. சம்பத் சார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், கைண்ட்லி ரகசியமா வெச்சுக்கோங்கோ. என் பையன் சாட் ரூம்ல கெட்டுப்போயிண்டிருக்கான்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். பசங்க யாரார் வரான்னு பாக்க நானே ஒரு புனைபேர்ல உள்ளே போனேன்."

"என்ன பேர் சார்?"

"அது இப்போ முக்கியமில்லை" என்றார், காது சிவக்க. "ரோஸ்னு ஒருத்தி. மொதல்ல நான் எது கேட்டாலும் வாயே திறக்கலை. நேத்து திடீர்னு, வா பார்க்கலாம்ங்கறா! இது ஏதோ பெரிய கும்பல். பசங்களை மயக்கிக் கூட்டிண்டு போறவா. நாளைக்கு மேல்கோட்டைக்குப் போகலை. என் மச்சினர் கேமராவை வாங்கிண்டு பூங்காவுக்குப் போறேன். கையும் களவுமாப் பிடிக்கறேன்."

"சார், ஒரு நிமிஷம்..." என்றேன். அதற்குள் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

நான் நேராகச் சரோஜம்மாவிடம் ஓடினேன். எழுதிக்கொண்டிருந்த வரி முடியும்வரை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். பேனா மூடியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இப்போ முருகேசனுக்குச் சொன்னா என்ன செய்வார்?"

"சம்பத் சார் வீட்டுக்கு ஆள்களோட போவார்."

"வீட்டில் அவர் மனைவி இருப்பாங்க, பையன் இருப்பான். தெரு முழுக்க வேடிக்கை பாக்கும். ஒரு வார்த்தை வெளியே வந்தால் அந்தப் பெண் பெயரும் சேர்ந்து அடிபடும். சம்பத்துக்குச் சொன்னாலும், மன்னிப்புக் கேக்க நேரா முருகேசன் வீட்டுக்குத்தான் ஓடுவார்." கொஞ்சம் யோசித்தார். "பூங்கா பரவாயில்லை. திறந்த இடம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருக்கும். நாமும் இருப்போம். தனம் மட்டும் வரக் கூடாது."

அவர் வரைபடத்தைத் தொடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

ஞாயிறு மாலை நாங்கள் இருவரும் குரோட்டன்ஸ் செடி வேலிக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். சரோஜம்மா வறுத்த கடலை வாங்கிக்கொண்டார். இறகுப்பந்து மைதானத்து மறைவில் முருகேசனின் ஆட்கள் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். கையில் டைல்ஸ் தட்டும் ரப்பர் சுத்தியல். முருகேசன் வெள்ளை வேட்டி கட்டி, பூப்போட்ட மஞ்சள் குடையை விரித்துப் பிடித்து, முறுக்கிய மீசையோடு பாதைநடுவே நின்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

சம்பத் சார் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். முழுக்கைச் சட்டையைப் பேன்டுக்குள் விட்டிருந்தார். கழுத்தில் கேமரா தொங்கியது. தலையில் அவர் பையனின் சிவப்புத் தொப்பி உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அட, சம்பத் சாருங்களா! வாங்க வாங்க."

"முருகேசன்! நீங்க எங்க இங்கே?"

"சும்மா காத்து வாங்க வந்தேனுங்க."

"நானும் அதுக்குத்தான்." சம்பத் சார் குடையைப் பார்த்தார். "மழை வருமோ?"

"வர்ற மாதிரிதான் இருக்குதுங்க. நீங்க தொப்பி போட்டிருக்கறீங்களே?"

"வெயில் தாங்கலை."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு பக்கம் நோட்டம் விட்டார்கள். மற்றவர் நகர்ந்து போகட்டும் என்று இருவருமே காத்திருந்தார்கள். யாரும் போகவில்லை. கடைசியில் முருகேசனுக்குப் பொறுக்கவில்லை.

"சார், உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன. ஒரு ரவுடிப் பய இங்க வர்றானுங்க. எம் புள்ளகிட்ட வாலாட்டுனவன். இன்னிக்கு அவன் முட்டி பேருது."

சம்பத் சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் அதே மாதிரி ஒரு கேஸ் முருகேசன்! ஒரு மோசக்காரி இப்போ வரா. நாம ரெண்டு பேரும் சேர்ந்தே பிடிப்போம். நீங்க அந்த கேட்டைப் பாருங்கோ, நான் இந்த கேட்டைப் பாக்கறேன்."

என் பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. திரும்பினால், சரோஜம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரம் போனது. முருகேசன் அக்கறையோடு சொன்னார்: "சார், அந்தத் தொப்பியக் கழட்டிப்போடுங்க. அந்தப் பய இதே மாதிரி சிவப்புத் தொப்பி போட்டுட்டுத்தான் வர்றானாம். எங்க ஆளுங்க தெரியாம உங்களப் போட்டுடப் போறானுங்க."

"அப்படியா? நல்ல வேளை சொன்னேள். நீங்களும் கைண்ட்லி அந்தக் குடையை மடக்கிடுங்கோ. அவளும் இதே மஞ்சள் குடையோட..."

வாக்கியம் அங்கேயே நின்றது. சம்பத் சார் குடையைப் பார்த்தார். முருகேசன் தொப்பியைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ரோஸ்?" என்றார் சம்பத் சார், ஈனசுரத்தில்.

முருகேசன் குடையைக் கீழே போட்டார். "நீங்களா? எம் புள்ளகிட்ட எத்தன மணிக்கு வருவேன்னு கேட்டது நீங்களா?"

"ரோஸ் உங்க பொண்ணா? பெருமாளே..." சம்பத் சார் தொப்பியைக் கழற்றினார். "நான் என் பையனைத் தேடிண்டு போனேன். பசங்க எப்போ வரான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். சத்தியமா அது ஒரு கொழந்தைகிட்டக் கேக்கற கேள்வின்னு எனக்கு உறைக்கலை."

"எம் புள்ள சோறு திங்காமக் கெடக்கறா சார்!"

ஆட்கள் சுத்தியலோடு ஓடி வந்தார்கள். "மேஸ்திரி, எவன்? எவன்?" என்று சுற்றிலும் தேடினார்கள். கேமரா மாட்டிய, நரைத்த தலையுள்ள மனிதரை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. முருகேசன் ஓரடி முன்னால் வந்தார். அந்த ஒரு நொடி மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் இருவரும் வேகமாகக் குறுக்கே போய் நின்றோம்.

"முருகேசன்," என்றார் சரோஜம்மா. "ராக்கி சின்னப் பையன் இல்லைன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

அவர் குனிந்து குடையை எடுத்தார். "எம் புள்ள சொன்னா."

"எப்போ?"

"மொத நாளே."

"ஊரில் யாருக்கும் தெரியாததை அவள் கண்டுபிடிச்சிருக்கா. கண்டுபிடிச்சதை உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கா. நீங்க பையைப் பூட்டி வெச்சிருக்கீங்க. அடுத்த தடவை நிஜமாவே ஒரு ராக்கி வந்தால் அவள் யார்கிட்டப் போய்ச் சொல்லணும்?"

முருகேசன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

சரோஜம்மா சம்பத் சார் பக்கம் திரும்பினார். "உங்க பையன் சாட் ரூமுக்குப் போறதை நீங்க பாத்தீங்களா?"

"இல்லை மேடம். கேள்விப்பட்டேன்."

"இப்போ அவன் எங்கே?"

சம்பத் சார் கையை நீட்டினார். பூங்காவை ஒட்டிய காலி மனையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் மகன் எல்லைக்கோட்டருகே, தொப்பி இல்லாமல், கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பந்துக்காக நின்றான். பிறகு விசாரித்ததில், அவன் அந்த பிரௌசிங் சென்டருக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை என்று தெரிந்தது. அவனுக்கு அதற்கு நேரமில்லை.

திங்கட்கிழமை தனம் பள்ளிக்கு வந்தாள். அப்பா அவள் பையைத் தன் சாமான் பெட்டியில் பூட்டி வைத்திருந்ததால் புத்தகமெல்லாம் சிமென்ட் தூசி. பையைச் சுமந்துகொண்டு வந்தவர் முருகேசன்தான். வகுப்பு வாசல்வரை வந்து, தட்டித் தட்டித் துடைத்து, அவள் கையில் கொடுத்தார். "மதியானம் சோத்த மிச்சம் வெக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சம்பத் சார் தலைமை ஆசிரியை அறையில் தனத்திடம் மன்னிப்புக் கேட்டார். எழுந்து நின்று, ஆங்கிலத்தில், மனுப் படிப்பதுபோல் முறையாகக் கேட்டார். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "பரவாயில்ல அங்கிள். ஆனா அடுத்த தடவை கைண்ட்லி போடாதீங்க" என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார். அதோடு வழக்கை மூடிவிடலாம் என்று நான் நினைத்தேன். முருகேசனுக்கு அப்படி முடியவில்லை. பல வாரம் சனிக்கிழமை வகுப்பில் சம்பத் சார் உட்கார்ந்த வரிசையில் அவர் உட்காரமாட்டார். பிறகு ஒருநாள் சம்பத் சார் வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் பெயர்ந்தது. போய் ஒட்டிக்கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்தார். அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை.

தனத்தைப் பற்றிச் சரோஜம்மா வேறு முடிவு செய்திருந்தார். அடுத்த வகுப்பை அவள் எடுக்கட்டும் என்றார். ஒரு ஞாயிறு காலை பிரௌசிங் சென்டர் முழுவதையும் பள்ளிக்காகக் கேட்டு வாங்கினோம். திரைச்சீலைகளை எல்லாம் கழற்றச் சொன்னேன். தனம் மறுத்துவிட்டாள். "திரை இருக்கணும் டீச்சர். இல்லேன்னா அவங்க பாத்துருவாங்க, யோசிக்க மாட்டாங்க."

ஒவ்வொரு அறையிலும் ஒரு பெற்றோர். இன்னோர் அறையில் இருக்கும் யாரோ ஒருவரோடு சாட் செய்யவேண்டும். எதிரே இருப்பது யார் என்று தெரியாது. பொய் சொல்லலாம். கடைசியில், பேசியது யார் என்று கண்டுபிடிக்கவேண்டும், தன் விலாசத்தைச் சொல்லிவிடக் கூடாது. தனம் இடுப்பில் கைவைத்து நடுவில் நின்று விதிகளைச் சொன்னாள். சம்பத் சார் சந்தேகம் கேட்க இரண்டு முறை கை தூக்கினார்.

முருகேசன் சொல்லச் சொல்ல அடித்துக்கொடுக்க இந்த முறை ஆள் இல்லை. ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார். அவர் கணினியில் தானே அடித்த முதல் வார்த்தை 'ஊட்டா ஆய்த்தா?' சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில், ஆங்கில எழுத்தில். எதிர்ப்பக்கத்திலிருந்தும் கன்னடத்திலேயே பதில் வந்தது. தான் ஐந்தாம் வகுப்புப் பையன் என்றும், கணக்கு என்றால் நடுக்கம் என்றும், வாத்தியார் தினமும் பெஞ்சுமேல் நிறுத்துகிறார் என்றும். முருகேசன் உருகிவிட்டார். அழாதே என்று அடித்தார். நானும் கணக்கில் மோசம்தான், இப்போது சதுர அடிக் கணக்கெல்லாம் போடவில்லையா என்று அடித்தார். நேரம் முடிவதற்குள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, என் மகள் சொல்லித்தருவாள் என்று தெருப்பெயர், வீட்டு எண், எதிரே இருக்கும் மாவு மில் உட்பட எல்லாவற்றையும் அடித்து அனுப்பினார்.

தனம் மணியடித்தாள். "அப்பா, யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"பையன்தான் கண்ணு. பாவம், யாரோ கூட்டிட்டு வந்திருக்கறாங்க. எந்தச் சந்தேகமும் இல்ல."

மூலை அறையின் திரை விலகியது. சரோஜம்மா வெளியே வந்தார்.

முருகேசன் எழுந்து நின்று கையைக் கூப்பினார். மற்ற அறைகளிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. தனம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்டு எண்கூடக் குடுத்தாச்சு" என்றார் சரோஜம்மா. "எந்த ஞாயிற்றுக்கிழமை வரட்டும்?"

"மேடம்..." முருகேசன் தலையைச் சொறிந்தார். "அப்ப நீங்க சொன்னது எல்லாமே பொய்யிங்களா? அந்தக் கணக்கு, பெஞ்சு, நடுக்கம்?"

சரோஜம்மா ஒரு கணம் எங்கள் எல்லோரையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வயசு பொய். கணக்கு நிஜம்" என்றார்.